எல்லைக்கு வெளியே

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், இரவு ஒன்றரை மணிக்கு என் அத்தானுக்கு நெஞ்சு வலி கண்டது. கும்பகோணத்தில் அக்காவும் அத்தானும் தனியாக இருக்கிறார்கள். பிள்ளை துபாயில். அக்கா முதலில் செய்த காரியம், சென்னையில் இருக்கிற தம்பியாகிய என்னைச் செல்போனில் கூப்பிட்டதுதான். ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை கூப்பிட்டாள். பதினொரு தடவையும் ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாக, நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அவளுக்குத் தெரிவித்தது.

நான் எங்கேயும் போய்விடவில்லை. மேற்கு மாம்பலத்தில், சொந்த வீட்டில், என் கட்டிலில், தலைமாட்டில் அந்தப் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்குரிய பணத்தையும் ஒரு வாரத்துக்கு முன்னால்தான் கட்டியிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து வந்து 108-க்குச் சொல்லி, அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும். அத்தானும் பிழைத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்குக் காப்பி டம்ளருடன் நான் மொட்டை மாடிக்குப் போனபோது, கையில் இருந்த போன் திடீரென்று உயிர் பெற்று, அக்கா கூப்பிட்ட சேதிகளையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டியது. கை நடுங்க அவளைக் கூப்பிட்டேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ராத்திரியிலே தொந்தரவு வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருப்பேன்னு நினைச்சேன்டா" என்றாள். அவ்வளவுதான். ஆனால், அந்த ஒரு வார்த்தை என்னைக் குத்தியதுபோல் வேறு எதுவும் குத்தியதில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு விட்டேன் என்று என் அக்கா ஓர் இரவு முழுவதும் நினைத்திருக்கிறாள்!

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காத சங்கதி இந்த ஊரில் லட்சம் பேருக்குத் தெரிந்த சங்கதிதான். அதைப் பற்றி மட்டும் என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அதற்குச் சொல்லப்படுகிற பரிகாரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "இன்னும் கொஞ்சம் பணம் போடுங்கள், சரியாகிவிடும்" என்பதுதான் அந்தப் பரிகாரம்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனங்கள். நாங்கள் தரைத் தளத்தில் இருக்கிறோம். நாலு பக்கமும் எங்களைவிட உயரமான வீடுகள் எழும்பிவிட்டன. ஆகவே, சாயங்காலம் ஆனால் பன்னிரண்டு குடித்தனத்தாரும் மொட்டை மாடியில் கூடிவிடுவோம். காற்று வாங்குவதற்காக அல்ல, பேசுவதற்காக. ஒருவர் தண்ணீர்த் தொட்டியின் பக்கம், ஒருவர் கைப்பிடிச் சுவரின் மூலையில், ஒருவர் வடாம் காய்கிற துணியைத் தாண்டிக் கொடிக்கம்பியின் அடியில் என்று ஆளுக்கொரு இடம் உண்டு. யார் வீட்டு மாப்பிள்ளை என்ன கேட்கிறார், யாருடைய மேலதிகாரி எப்படித் திட்டுகிறார், யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதெல்லாம் எங்களுக்குள் பொதுச் சொத்து. பாங்கிலிருந்து வருகிற ரகசிய எண் குறுஞ்செய்தியாக வருவதால், மின்சாரக் கட்டணம் கட்டுவதற்குக்கூட மூன்று மாடி ஏற வேண்டும். எண் வந்து சேர்ந்து, படி இறங்கிக் கீழே வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். மறுபடியும் ஏற வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் எங்கள் கட்டடத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

அத்தான் விஷயத்துக்குப் பிறகு நான் செல்போன் கம்பெனிக்குப் புகார் செய்தேன். புகார் செய்வதற்கும் மாடிக்குத்தானே போக வேண்டும்? போனேன். எதிர்முனையில் இருந்த இளைஞர், "இப்போது நன்றாகக் கேட்கிறதே ஸார்?" என்றார். "மாடியிலிருந்து பேசுகிறேன்" என்றேன். "வீட்டுக்குள் போய்ப் பேசிக் காட்டுங்கள், பரிசோதித்துப் பார்க்கிறோம்" என்றார். இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் குரல் கரகரத்தது. முதல் மாடியில் அவர் மறைந்தே போனார். புகாரின் நிரூபணமும் புகாரின் முடிவும் ஒரே நேரத்தில் நிகழ்ந்துவிட்டன.

விடாமல் நான்கு முறை சொன்ன பிறகு ஒரு பொறியாளர் வந்தார். நல்ல பிள்ளை. தெருவில் நின்று தம் போனைப் பார்த்தார். "சிக்னல் பிரமாதமாக இருக்கிறதே" என்றார். உள்ளே அழைத்து வந்து காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஸார், பிரச்னை எங்களிடம் இல்லை. உங்கள் சுவர்தான் பிரச்னை" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு சரித்திரக் குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் செல்போனில் முதல் அழைப்புப் போனது 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி. கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். எங்கள் கட்டடம் 1994-இல் கட்டியது. ஆக, எங்கள் சுவர் இந்நாட்டுச் செல்போனைவிட ஒரு வயது மூத்தது. சுவர் திடீரென்று குறுக்கே வந்து நிற்கவில்லை. மனிதர்கள் சுவருக்குள்ளேதான் குடியிருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலேயே கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சுவர் அலையைத் தடுப்பது வாஸ்தவம்தான். அதை நான் மறுக்கவில்லை. செங்கல்லைவிடக் கம்பி கட்டிய கான்கிரீட் அதிகமாகத் தடுக்கும். அலை வரிசையில் 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த வரிசை ஓரளவு சுவரைத் துளைத்து உள்ளே வரும். 2300, 3500 என்று மேலே போகப் போக அதன் வேகமும் கொள்ளளவும் கூடும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகவே, வீட்டுக்குள் சிக்னல் வர வேண்டுமானால் ஒன்று தாழ்ந்த வரிசையில் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அல்லது டவர்களை நெருக்கமாக வைக்க வேண்டும். தெரு விளக்குக் கம்பத்தில் மாட்டுகிற அளவில் சிறு சிறு நிலையங்களும் வந்திருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை யார் போடுவது என்பதுதான் கேள்வி. வித்தை தெரியாமல் யாரும் விழிக்கவில்லை.

அந்தக் கேள்விக்குக் கம்பெனி கண்டுபிடித்திருக்கிற விடை: "நீங்கள் போடுங்கள்."

"வைஃபை கால்" என்று ஒன்று 2019 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமாயிற்று. வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால், டவர் இல்லாமலே அதன் வழியாகச் செல்போனில் பேசலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அக்கா விஷயத்துக்குப் பிறகு பயந்துபோய் நானும் இதற்கு ஏற்பாடு செய்துகொண்டேன். காகிதத்தில் எழுதுகிற எனக்கு இணையத்தால் ஆக வேண்டியது அதிகம் இல்லை. போன் மணி அடிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே பிராட்பேண்ட் வாங்கியவன் நான். தனிக் கட்டணம் இல்லாத அந்தச் சேவைக்கு எனக்கு ஆன செலவைக் கேளுங்கள். பிராட்பேண்டுக்கு வரியோடு சேர்த்து மாதம் 471 ரூபாய். மின்சாரம் போனால் மோடம் நின்றுவிடும், மோடம் நின்றால் போன் நின்றுவிடும், ஆகவே மோடத்துக்கு ஒரு பாட்டரிப் பெட்டி 1,400 ரூபாய். கூடத்து மோடம் படுக்கையறைக்கு எட்டவில்லை (அதற்கும் சுவர்தான் பிரச்னை!). ஆகவே, இன்னொரு பெட்டி 1,800 ரூபாய். முதல் வருஷத்துக்கு மொத்தம் 8,852 ரூபாய்.

செல்போனுக்கு நான் கட்டுவது 28 நாளுக்கு 349 ரூபாய். இவர்களுடைய பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு 28 நாள்தான், வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். ஆக, 4,537 ரூபாய். பேசுவதற்கு உரிமை 4,537 ரூபாய். அந்த உரிமையை என் வீட்டுக்குள் அனுபவிப்பதற்கு 8,852 ரூபாய். சரக்கைவிடச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிற கூலி இரு மடங்கு. அந்தக் கூலியையும் நான் வேறொருவருக்குக் கொடுக்கிறேன்.

இதில் நடப்பது என்ன என்று கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். என் குரல் என் போனிலிருந்து கிளம்பி, என் மோடத்தில் ஏறி, என் மின்சாரத்தில் ஓடி, நான் வாடகை கொடுக்கிற கம்பி வழியாகச் செல்போன் கம்பெனியின் வாசலுக்குப் போய்ச் சேருகிறது. டவர் செய்ய வேண்டிய வேலையை, ஆகாயத்து அலைவரிசையைக் கொண்டு செய்ய வேண்டிய வேலையை, நான் என் செலவில் செய்து கொடுத்துவிட்டேன். கம்பெனி அதற்காக எனக்கு ஒரு காசு தள்ளிக் கொடுத்ததா? இல்லை. 349 ரூபாயில் ஒரு ரூபாய் குறையவில்லை. பால்காரர் தெருமுனையோடு நின்றுகொண்டு, "வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்ற ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நான் அதற்குத் தனியாக ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று சொன்னால் நம்முடைய வீட்டு அம்மாக்கள் சும்மா விடுவார்களா?

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் கம்பெனி 2008-இல், ஏர்ரேவ் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்றது. வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி டவர். பெட்டி விலை ஏறக்குறைய 100 டாலர், அதற்கு மேல் மாதக் கட்டணம் ஏறக்குறைய 5 டாலர். 2009-இல் வெரைசன் இதேபோல் ஒரு பெட்டியை 250 டாலருக்கு விற்றது. 2010-இல் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் பெட்டி 150 டாலருக்கு வந்தது. வாடிக்கையாளர் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, தம் பிராட்பேண்டில் சொருகி, தம் மின்சாரத்தில் ஓட்டிப் பேசினால், அப்படிப் பேசின நிமிஷங்களையும் இந்தக் கம்பெனி அவருடைய திட்டக் கணக்கிலேயே கழித்தது. கழிக்காமல் இருக்க வேண்டுமானால் மாதம் 20 டாலர் மேலும் கட்ட வேண்டும். அந்த ஊர்ப் பத்திரிகைகளில் அப்போதே கூச்சல் எழுந்தது. கடைசியில் 2022-இல் அந்தக் கம்பெனி தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, வாங்கி வைத்திருந்த பெட்டிகளும் வெறும் பெட்டிகளாயின. ஆக, மேல் பணம் கட்டுகிறவன் வாங்குவது தீர்வு அல்ல, தவணை. அமெரிக்காவில் பரீட்சை செய்து பார்த்து முடிந்த பாடம் இது.

எங்கள் மாடியில் ஓய்வு பெற்ற பாங்கு அதிகாரி ஒருவர் இருக்கிறார். என் நல்ல நண்பர். நான் இப்படிப் பொருமுவதைக் கேட்டு அவர் சிரித்தார். "என்ன ஸார், மாதம் ஐந்நூறு ரூபாய் சமாசாரம்! குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலுக்குப் போகாமல் இருந்தால் தீர்ந்தது. காசு கொடுத்தால் தீர்கிற கஷ்டம் ஒரு கஷ்டமா? நிம்மதிக்கு விலை உண்டு" என்றார்.

மிகவும் நியாயமாகத் தோன்றுகிற பேச்சு. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை. கம்பெனியோடுகூட இரண்டாவதாகத்தான்.

கூடுதல் பணம் கொடுப்பது என்பது நமக்குப் புதிதல்ல. டிரங்க் கால் காலத்தில் சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என்று மூன்று தினுசு இருந்தது. மின்னலுக்குக் கட்டணம் பல மடங்கு. வீட்டு டெலிபோனுக்கு வருஷக் கணக்கில் காத்திருந்த நாட்களில், அதிகத் தொகை கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒரு தனி வரிசையையும் அரசாங்கம் வைத்திருந்தது. என் தகப்பனாருக்கு அது கட்டுபடியாகவில்லை. சாதாரண வரிசையில்தான் காத்திருந்தார். ஆனால், அந்த ஏற்பாடுகளில் ஒரு நேர்மை இருந்தது. "எங்களிடம் சரக்குக் குறைவு, முந்துகிறவர் அதிகம் கொடுங்கள்" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதிகம் கொடுத்தவனுக்கு மற்றவனைவிட அதிகமாக ஒன்று கிடைத்தது. இன்றைக்கு அப்படி அல்ல. நான் அதிகம் கொடுத்து வாங்குவது அதிகத்தை அல்ல, சாதாரணத்தை. "நாடு முழுவதும் எங்கள் சேவை" என்று விளம்பரம் செய்து, முழு விலையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு, என் கட்டிலை மட்டும் நாட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அந்தக் கட்டிலை மீண்டும் நாட்டுக்குள் சேர்ப்பதற்குத்தான் மாதம் 471 ரூபாய்.

நம்முடைய வழக்கம் ஒன்று உண்டு. குழாயில் வருகிற தண்ணீர் நன்றாக இல்லையென்றால் நாம் மாநகராட்சியோடு சண்டை போடுவதில்லை. கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோம். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, ஓட்டல் சாப்பாட்டுக் கணக்கில் தீர்ந்துவிடுகிற தொகை. ஆனால், ஒவ்வொரு தடவையும் நாம் அந்தச் சின்னத் தொகையோடு இன்னொன்றையும் கொடுத்துவிடுகிறோம். அது நம்முடைய குரல். காசு கொடுத்து ஒதுங்கிக்கொண்டவன் மறுபடியும் புகார் செய்வதில்லை. எழுதத் தெரிந்தவன், ஆபீசில் ஆளைத் தெரிந்தவன், சட்டம் இன்னது என்று கேட்கத் தெரிந்தவன், இப்படிப்பட்டவர்களை ஐந்நூறு ரூபாயில் வாயடைத்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் யார்?

யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய மகளைத் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. மகளுக்கு இது நிறைமாதம். அம்மாளுக்கு ஒரு பித்தான் போன் உண்டு. நான் கட்டுகிற அதே கம்பெனிக்குத்தான் அவளும் கட்டுகிறாள். வைஃபை வந்த அன்றைக்கு மிகவும் தாராளமாக, "உன் போனுக்கும் இதைப் போட்டுத் தருகிறேன்" என்றேன். போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் போனுக்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது என் வீட்டுக் கூடத்தில் என் போன் கணீரென்று அடிக்கிறது. அதே கூடத்தில் அவளுடைய போன், அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அவள் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை கையைத் துடைத்துக்கொண்டு வாசல் கேட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். முன்பு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கஷ்டத்தில் இருந்தோம். நான் காசு கொடுத்து வெளியேறிவிட்டேன். நிம்மதிக்கு விலை உண்டு என்று என் நண்பர் சொன்னாரே, அந்த விலையில் ஒரு பங்கை இவள் கொடுக்கிறாள்.

"கம்பெனியை மாற்றிக்கொள்வதுதானே?" என்று கேட்பீர்கள். 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் இருக்கிறது. அதையும் செய்து பார்த்தவன்தான் நான். கம்பெனிகள் பல இடங்களில் ஒரே டவரை வாடகைக்கு எடுத்துப் பங்கு போட்டுக்கொள்கின்றன. டவர் அதே இடம், சுவர் அதே சுவர். கடை மாறியது, பஞ்சம் மாறவில்லை. இணையக் கடைகளில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் என்று ஒன்று விற்கிறார்களே என்றும் கேட்பீர்கள். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் மாட்டுவது இந்தியாவில் சட்ட விரோதம். அது உங்கள் வீட்டுச் சிக்னலைப் பெருக்குகிற சாக்கில் அக்கம்பக்கத்தார் சிக்னலைக் கெடுக்கும். காசு கொடுத்து ஒதுங்குகிற நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல உருவகம் கதை எழுதுகிற எனக்கே தோன்றியிராது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா? செய்யப் பார்த்தது. 2015 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரைக்கும், கூப்பிட்டவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும். 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து என்று நாள் குறித்தார்கள். கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. அதே வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அழைப்பு அறுவதற்கு வாடிக்கையாளர் பக்கத்திலும் காரணம் இருக்கலாம், நூற்றுக்கு இரண்டு வரை அறுவதை ஆணையமே அனுமதித்திருக்கிறது, அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் கம்பெனியைத் தண்டிப்பது முறையல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால், மூன்று ரூபாய்க்கு அவ்வளவு பெரிய வக்கீல்களை அமர்த்திப் போராடினார்களே, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "சின்னத் தொகைதானே, போனால் போகிறது" என்று அவர்கள் ஒருநாளும் சொல்வதில்லை. அந்த வேதாந்தம் நமக்கு மட்டும்தான்.

2024 அக்டோபரிலிருந்து புதிய விதிகள் வந்திருக்கின்றன. கம்பெனிகள் தங்கள் சேவை எங்கெங்கே கிடைக்கும் என்பதற்கு வரைபடம் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் பெரிய அளவில் சேவை நின்று 24 மணி நேரத்துக்கு மேல் போனால் கட்டணத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும். நல்ல விதிகள்தான். வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் தெரு முழுவதும் நிறம் பூசியிருக்கிறது. வரைபடத்தில் சுவர் கிடையாது அல்லவா? என் படுக்கையறை ஒரு மாவட்டமும் அல்ல. அங்கே வருஷக் கணக்காகச் சேவை இல்லாவிட்டாலும் கழிவு ஒன்றும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் பக்கத்துக் குற்றத்தை மறைத்தால் அது யோக்கியமாகாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கட்டடத்தின் மாடியில் ஒரு டவர் வைக்க இடம் கேட்டு வந்தார்கள். வாடகையும் தருவதாகச் சொன்னார்கள். கதிர்வீச்சு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பன்னிரண்டு குடித்தனமும் கூடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அதில் என் கையெழுத்தும் உண்டு. டவரிலிருந்து வருகிற கதிர்வீச்சுக்குச் சர்வதேச அளவில் வகுத்திருக்கிற வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் 2012 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் வரம்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. டவர் அடுத்த தெருவில் இருக்க வேண்டும், சிக்னல் நம் கட்டிலில் இருக்க வேண்டும் என்பதுதான் நம்முடைய நியாயம். கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டினால் நான் தலை குனிந்துகொள்கிறேன். ஆனால், என் தலை குனிந்த அந்த நேரத்திலும் அவர்கள் கை என் சட்டைப் பையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இடம் கிடைக்காத தெருவில் முழு விலைக்குச் சரக்கு விற்காமல் இருந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இணைப்பு விற்கும்போது, "தெருவில் கிடைக்கும், வீட்டுக்குள் கிடைப்பது உங்கள் சுவரைப் பொறுத்தது" என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் அல்லாமல், வாயால் சொல்லட்டும். வீட்டுக்குள் வந்து சோதித்து, இல்லை என்று தெரிந்தால் எழுதிக் கொடுக்கட்டும். கம்பெனியின் அழைப்பை என் பிராட்பேண்டு சுமக்கிற ஒவ்வொரு மாதமும் அதற்குரிய தொகையைக் கட்டணத்தில் கழிக்கட்டும். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்துக்குள் கட்டணத்தை 10 முதல் 27 சதவிகிதம் வரைக்கும் உயர்த்தினார்களே, ஏற்றுவதற்கு அவ்வளவு சுருக்காகக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குக் கழிப்பதற்குக் கணக்குத் தெரியாமலா போய்விடும்?

வாசகர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே கட்டுகிறேன். அக்காவை இன்னொரு இரவு அப்படி விட என்னால் முடியாது. கட்டுங்கள், ஆனால் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கம்பெனியில் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் அங்கேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுதுங்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2009-லிருந்து ஒரு தீர்ப்பைக் காட்டிப் பயமுறுத்தி வந்தார்கள். போகலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. மாடியில் நின்று உரக்கப் பேசிப் பழகிய நமக்கு ஒரு மனு எழுதுவது கஷ்டமல்ல.

பிராட்பேண்டுக்கு 471 ரூபாய் கட்டுகிற ஒவ்வொரு மாதமும், அந்த ரசீதின் நகலை இணைத்துச் செல்போன் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். "தங்கள் சார்பில் நான் செலவு செய்த தொகை" என்று தலைப்புப் போட்டு எழுதுகிறேன். இதுவரை எட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஒன்றுக்குப் பதில் வந்தது. என் பகுதியில் சேவை திருப்திகரமாக இருப்பதாகத் தங்கள் ஆய்வில் தெரிய வருகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது கடிதத்தில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் பெயரும் அவளுடைய எண்ணும் இருக்கும். அவளும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பாங்கு நண்பரிடமும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மாடிக்கு வந்து கேட்டால்தான் பதில் கிடைக்கும் போல் இருக்கிறது.